கேட்காமல் கொண்டுவந்த பதில்

லபீபா தேய்க்காத வெள்ளைத் துணி அந்தக் கோவிலின் பீடத்தருகே போனதில்லை. திருத்தொண்டர்கள் அணியும் நீள அங்கி, பீடத்து விரிப்பு, ஞானஸ்நானக் குழந்தைகளின் குட்டிச் சட்டை எல்லாம் சனிக்கிழமை மத்தியானம் மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். சாயங்கால மணி அடிப்பதற்குள் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். ஓர் அங்கியில் சிலுவைத் தையல் நூலளவு சாய்ந்திருந்தாலும் பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

எகிப்தில், மல்லவி ஊரின் கிறிஸ்தவர் தெருக்களில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாரும் கொடுத்த வேலை இல்லை. எந்த நோன்பில் மீன் உண்டு, எதில் எண்ணெய் மட்டும், சாவு வீட்டில் மூன்றாம் நாள் ஜெபத்துக்கு என்னென்ன எடுத்து வைக்கவேண்டும் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் முதலில் லபீபாவின் கதவைத்தான் தட்டுவார்கள். கோவிலின் குருவானவரை எல்லாரும் அபூனா என்று கூப்பிடுவார்கள். எங்கள் அப்பா என்று பொருள். "அபூனா புத்தகத்தப் புரட்டணும். லபீபா புரட்டவே வேண்டாம்" என்று மீன்கடை வஹ்பா வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அவள் சிரிப்பாளே தவிர மறுத்ததில்லை.

படிப்பு அவளுக்கு ஆறாம் வகுப்போடு நின்றது. அம்மா இறந்தபோது தங்கை ஃபீபி தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு வெட்டும் காலத்தில் வீட்டுக்கே வரமாட்டார். பள்ளிப் பையை ஆணியில் மாட்டிய லபீபா அதைத் திரும்ப எடுக்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம், தங்கை படித்து முடிக்கட்டும் என்றாள். தங்கை பல்கலைக்கழகம் வரை போய், தத்துவமும் தர்க்கமும் கற்பிக்கும் ஆசிரியை ஆகி, ஹலீம் என்கிற சாதுவான ஆலைக் கணக்கரை மணந்தபோது, லபீபாவைக் கேட்டு வர யாரும் மிச்சமில்லை. அதற்காக அவள் வருந்தினாள் என்று சொல்லமுடியாது. தத்துவம் என்றால் என்ன பாடம் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "நாம யோசிக்காம விட்டதையெல்லாம் அவ யோசிச்சுச் சொல்லித் தருவா" என்று பதில் சொன்னாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

ஃபீபிக்கு வெகுநாள் பிள்ளை இல்லை. பிறகு ஒரு மார்கழிக் குளிரில் பெண் பிறந்தது. கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. மக்ரீனா என்று பெயரிட்டார்கள். எட்டாம் நாள் அபூனா பீசந்தி வீட்டுக்கு வந்து, தாம்பாளத் தண்ணீரின் மேல் ஜெபித்துக் குழந்தையைக் குளிப்பாட்டினார். தண்ணீர் ஊற்றியது லபீபா. இனி ஞானஸ்நானம்தான் பாக்கி. ஆண் குழந்தைக்கு நாற்பது நாள், பெண் குழந்தைக்கு எண்பது என்பது அங்கே வழக்கம்; அதுவரை பெற்றவள் கோவிலுக்குள் வருவதில்லை. மக்ரீனாவின் எண்பது முடிகிற வாரத்தை ஒட்டி, தவக்காலத்தின் அந்த விசேஷ ஞாயிறு வந்தது. குருடன் குளத்தில் கழுவிப் பார்வை பெற்ற சுவிசேஷத்தை வாசிக்கிற ஞாயிறு. அன்றைக்குத் தங்கள் குழந்தையைத் தொட்டியில் முக்கி எடுக்கவேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் ஆசை. ஆண்டவரே பார்த்துக் குறித்துக் கொடுத்த நாள் என்று லபீபா மகிழ்ந்தாள். வெள்ளைப் பட்டில் ஒரு சட்டை தைக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு குட்டிச் சிலுவைகளை ஊசியால் எழுப்பினாள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் கீழ் விளிம்பு தைக்காமல் நின்றது.

எண்பதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழந்தைக்குச் சளி பிடித்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் அன்று மத்தியானம் ஃபீபி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள கீச்சு கீச்சுங்குது. அபூனாகிட்டப் போய்ச் சொல்லு. எண்பது வரைக்கும் வேணாம். இன்னைக்கே ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

"சளிதானடி. டாக்டர் சொல்லலையா?"

"நீ போய்க் கேளு. கேட்டுட்டு வந்து சொல்லு."

லபீபா போனாள். வழியில் குழந்தைக்குக் குறுக்காகக் கட்டும் சிவப்பு நாடாவையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கோவில் வாசலிலிருந்து பார்த்தால் முற்றத்தில் அபூனா தெரிந்தார். ஏதோ கல்யாணத் தேதிச் சண்டையில் இரண்டு குடும்பங்கள் அவரைச் சூழ்ந்து நின்றன. அவள் வாசலிலேயே நின்றாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். பெண் என்றால் எண்பது. ஊருக்கே சொல்லும் லபீபா, தன் வீட்டுக்கு என்று வந்ததும் சலுகை கேட்டு நிற்பதா? இத்தனை பேர் முன்னிலையில்? சட்டையின் விளிம்பு வேறு தைக்கவேண்டும். அவள் திரும்பி நடந்தாள்.

"என்ன சொன்னார்?" என்று ஃபீபி படுக்கையிலிருந்து எழுந்தாள்.

"பொறுக்கச் சொல்லிட்டார். எண்பது முடியட்டுமாம்."

ஃபீபி குழந்தையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முடியவில்லை. ஒரு விடியற்காலையில் மக்ரீனா மூச்சு விடுவதை நிறுத்தினாள். அவளை நைல் நதியின் அக்கரைக்கு, மலையடிவாரத்துக் கல்லறைக்கு ஹலீமும் அவன் தம்பியும் படகில் கொண்டுபோனார்கள். பட்டுச் சட்டையைப் போட்டு அனுப்பலாம் என்று லபீபா எடுத்து வந்தாள். ஃபீபி அதைக் கையால் விலக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் அபூனா பீசந்தி வந்தார். சின்ன வயதுக்காரர், அங்கத்துக் குருக்களின் வழக்கப்படி கல்யாணமானவர், குருவாகும் முன் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஃபீபி உள்ளே படுத்திருந்தாள். ஹலீம் ஆலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த லபீபாவிடம் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லபீபாம்மா. உயிருக்கு ஆபத்துன்னா எண்பது ஏது, நாற்பது ஏது? எந்த நேரம்னாலும் குடுப்பேனே."

"பெத்தவ கோவிலுக்குள்ள வரக்கூடாதே, அபூனா."

"அவ வரவேண்டாம். நீங்க தூக்கிட்டு வந்திருக்கலாமே."

லபீபா கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "திடீர்னு ஆயிடுச்சு, அபூனா" என்றாள். ஃபீபி இப்போதுதான் கண் அயர்ந்தாள் என்றும் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்று ஒரு சங்கீதம் சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியபோதுதான், துக்கத்தில் இருந்த தங்கைக்காக அந்த வாசலை மறித்து நிற்கவில்லை, தன் பொய்க்காக நின்றோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அதன்பின் லபீபா அங்கிகளைத் தேய்த்தாள், நோன்பு கேட்டவர்களுக்கு நோன்பு சொன்னாள், மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனமும் செய்தாள். நோன்பு நாளில் பாலாடைக்கட்டி ருசி பார்த்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியின் மேல் எரிச்சல்பட்டதைச் சொன்னாள். அந்த ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லாமலே நற்கருணை அப்பமும் வாங்கி உண்டாள்.

தேய்ப்புப் பெட்டியின் முன்னால் நிற்கும்போது கேள்விகள் வரும். பிள்ளை எங்கே இருக்கிறாள்? ஞானஸ்நானம் பெறாத பிள்ளை பரலோகத்துக்கு உள்ளேயா, வெளியேயா? ஆண்டவர் நாள் எண்ணுகிறவர் என்றால், எண்பது முடியாத ஒரு குழந்தையை எதற்காக எடுத்துக்கொண்டார்? எண்ணுகிறவர் இல்லை என்றால், இத்தனை வருஷம் எண்ணி எண்ணி லபீபா காத்தது யாருக்காக? அந்த எண்பது நாள் பெற்றவள் இளைப்பாறவும் பிள்ளை தேறவும் யாரோ இரக்கப்பட்டு வைத்ததாகக்கூட இருக்கலாம். அது எதற்கு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தாள். ஒரு மனுஷி பிறந்து வளர்ந்து செய்து முடிக்கிற காரியம், துணியில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்வதுதானா? இந்த இடத்தில் அவளுக்குப் பெட்டி கனக்கும். ஒரு தரம் பீடத்து விரிப்பில் சூடு பட்டுப் பழுப்பு விழுந்தது. அவள் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. தன் காசில் புதுத் துணி வாங்கித் தைத்து அனுப்பினாள், யாரிடமும் சொல்லவில்லை.

ஃபீபி கோவிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வீடு சந்திக்க அபூனா வந்தால் கதவு திறக்காது. உள்ளே தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்கும். வெளியே அவர் நின்று மணியடித்துவிட்டுப் போவார். தெருவில் எதிரே வந்தால் அவள் மறுபக்கம் மாறிவிடுவாள். ஒருநாள் லபீபா அங்கே பெரும்பயறு ஆய்ந்துகொண்டிருந்தபோது, அக்கம்பக்கத்தார் பேசுகிறார்களே, ஒரு ஞாயிறாவது தலை காட்டக்கூடாதா என்று ஹலீம் பணிவாகக் கேட்டுப் பார்த்தான். ஃபீபி விடைத்தாள் திருத்துவதை நிறுத்தினாள்.

"வகுப்புல சொல்ற மாதிரியே சொல்றேன், கேட்டுக்க. கடவுள் நல்லவர்னு வெச்சுக்குவோம். நல்லவர் ஒரு வாரக் கணக்குக்காக ஒரு கொழந்தைய வெளிய நிறுத்தமாட்டார். ஆனா அவரோட ஆள் நிறுத்தினார். அப்போ ஒண்ணு, அவர் நல்லவர் இல்ல. இல்லன்னா, இவர் அவரோட ஆளே இல்ல. ரெண்டுல எது சரின்னாலும் எனக்கு அங்க வேலை இல்ல."

"நான் கணக்கன்தானே" என்றான் ஹலீம். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அக்காவக் கேளு. அவளுக்கு எல்லாம் தெரியும்."

லபீபா தலை நிமிரவில்லை. படித்தவள் அடுக்கிய அடுக்கு எத்தனை நேர்த்தி. ஆனால் நடுவே இருக்கும் அந்த ஒரு கல், 'அவரோட ஆள் நிறுத்தினார்', தான் கொண்டுவந்து வைத்த கல். தங்கை அதன் மேல் ஏறி நின்று ஆண்டவரையே கீழே தள்ளிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தாள். பயற்றில் கல் அதிகம் என்று சொன்னாள்.

அடுத்த வருஷம் வெயில் தணிந்த காலத்தில் ஃபீபிக்கு இன்னொரு பெண் பிறந்தது. திடமான குழந்தை, அழுதால் மாடிப்படி வரை கேட்கும். வெரீனா என்று பெயர். எட்டாம் நாள் தாம்பாளம் வைக்கவில்லை. அபூனா வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஞானஸ்நானமும் வேண்டாம் என்று ஃபீபி சொல்லிவிட்டாள். முதல் பிள்ளைக்குத் திறக்காத இடத்துக்கு இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாளாம். ஹலீமின் அம்மா அழுது பார்த்தாள். ஹலீம் மொட்டைமாடியில் போய் நின்றுகொண்டான்.

லபீபா அன்று மூட்டையை வாங்காமல் கோவிலுக்கு நடந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு என்று கேட்டு, அபூனாவின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். நாடா வாங்கியதைக்கூட விடவில்லை.

அபூனா பீசந்தி தலைக்குல்லாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசியபோது குருவானவர் மாதிரிப் பேசவில்லை.

"ஒன்றரை வருஷமா அந்த வாசல்ல மணியடிச்சுட்டு வர்றேன், லபீபாம்மா. உள்ள டி.வி. ஓடுது. நான் என்ன பாவம் பண்ணேன்னு எத்தனை நாள் யோசிச்சிருப்பேன் தெரியுமா?"

"தெரியும், அபூனா."

"உங்களத் திட்டணும்போல இருக்கு."

"திட்டுங்க."

அவர் திட்டவில்லை. அவள்தான் கேட்டாள், இத்தனை நாள் தேய்ப்புப் பெட்டியிடம் கேட்ட கேள்வியை. மக்ரீனா எங்கே இருக்கிறாள்?

"புத்தகத்துல ஒரு பதில் இருக்கு. அதச் சொல்ல எனக்கு வாய் வரல. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. தெரியலன்னு சொன்னா உங்களுக்குப் போதுமா?"

போதாது என்று அவள் தலையை ஆட்டினாள். எனக்கும் போதவில்லை என்றார் அவர். நீங்கள் இங்கே சொன்னதை நான் வெளியே சொல்லமுடியாது, ஃபீபியிடம் நீங்கள்தான் போய்ச் சொல்லவேண்டும், அதைச் செய்துவிட்டு வாருங்கள், மன்னிப்பின் ஜெபத்தை அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். தங்கை இனி முகத்தில் முழிக்கமாட்டாளே என்று லபீபா சொன்னபோது அவர் குல்லாவைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஃபீபி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். லபீபா நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அன்று வாசல் வரைதான் போனேன், கேட்கவில்லை, அபூனா பொறுக்கச் சொன்னார் என்றது நானாகச் சொன்னது, கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பார், நானே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ஃபீபி நிமிர்ந்து பார்த்தாள். ஆசிரியை பார்வை அது. மாணவன் சொன்ன விடையைச் சரிபார்க்கும் பார்வை.

"ஏன் கேக்கல?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அது மட்டுமா?"

"எல்லாரும் இருந்தாங்க. லபீபாவே வந்து சலுகை கேக்கிறான்னு ஆயிடும்னு... சட்டையும் முடியல."

"சட்டை" என்றாள் ஃபீபி. குழந்தையைத் தோளுக்கு மாற்றி முதுகைத் தட்டினாள். "என்னைத் தூக்கி வளத்த. எதுலயும் எனக்கு நீ பொய் சொன்னதில்ல. அதனாலதான் அன்னைக்குத் திரும்பக் கேக்கல. நானே எழுந்து போயிருப்பேன், அக்கா. ராத்திரிக் குளிர்ல, வெறுங்காலோட போயிருப்பேன்."

"தெரியும்டி."

"நீ போ."

லபீபா போனாள். சில நாட்கள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மூட்டைகள் வந்தன, தேய்த்து அனுப்பினாள். கிறிஸ்துமஸ் நோன்புக்கு எத்தனை வாரம் என்று யாரோ கேட்டு வந்ததற்கு, அபூனாவைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். மீன்கடை வஹ்பா, உடம்பு சரியில்லையா என்று ஆள்விட்டு விசாரித்தார்.

ஒரு சனிக்கிழமை ஹலீம் வந்து படியில் நின்றான். உள்ளே வராமல், மனப்பாடம் செய்து வந்ததுபோல் ஒப்பித்தான்.

"நாளைக்குக் காலையில வெரீனாவுக்கு ஞானஸ்நானம். அபூனாகிட்ட ஃபீபி ஃபோன்ல பேசிட்டா. எண்பது வரைக்கும் காத்திருக்கமாட்டாளாம். அவளுக்கு நாள் ஆகல, கோவிலுக்குள்ள வரமாட்டா. நீங்கதான் தூக்கிட்டுப் போகணுமாம், அக்கா. வேற யாரும் வேண்டாமாம்."

"குழந்தைக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கா."

ஃபீபி தண்டனையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அன்று அக்கா செய்யாமல் விட்டதை, எந்த ஆபத்தும் இல்லாத ஒரு நாளில், ஊர் பார்க்கச் செய்யச் சொல்கிறாள். லபீபா அலமாரியைத் திறந்து பட்டுச் சட்டையை எடுத்தாள். விளிம்பை மடித்துப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்தாள். பிறகு நூலை உருவிவிட்டு, சட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள். கோவிலில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருக்கும் பருத்திச் சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டாள்.

காலையில் வெரீனாவை ஏந்திக்கொண்டு அவள் கோவில் வாசலைத் தாண்டியபோது பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. நாள் ஆகவில்லையே, லபீபாவா இப்படி என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது அவளுக்கே கேட்டது. அபூனா பீசந்தி தொட்டியருகே காத்திருந்தார். பெற்றவளுக்குப் பதிலாக ஏந்தி நிற்பவள் மேற்கே திரும்பிக் கையை உயர்த்தி, சாத்தானை விட்டுவிடுகிறேன், அவன் செயல்களையெல்லாம், அவன் வஞ்சகத்தையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்று சொல்லவேண்டும். எத்தனையோ தாய்மாருக்கு அந்த வரிகளை லபீபா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வஞ்சகம் என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. அபூனா எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். அவள் சொன்னாள். குழந்தை மும்முறை தண்ணீருக்குள் போய் வந்து, கோவில் அதிர அழுதது. உடம்பெல்லாம் பரிசுத்தத் தைலம் பூசி, சிவப்பு நாடா கட்டி அபூனா அவள் கையில் கொடுத்தார். அந்த நாடா பழைய பையில் கிடந்ததுதான்.

ஃபீபி மாடிப்படியின் மேல் நின்றிருந்தாள். குழந்தையை வாங்கி, நெற்றியில் மூக்கை வைத்துத் தைல வாசனையை முகர்ந்தாள். அக்காவை உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அழுதாளா?"

"மூணு தரமும்."

ஃபீபி நாடாவின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு இவளக் குளிப்பாட்டுற தண்ணிய எங்க ஊத்தணும்? தைலம் கலந்தது, மிதிபடக்கூடாதுன்னு சொல்வியே."

"நைல்ல ஊத்தலாம். இல்ல, செடிக்கு."

"அக்கரைக்குக் கொண்டுபோய் மக்ரீனா கல்லறைல ஊத்தலாமா?"

வழக்கத்தில் அப்படி ஒன்று இல்லை என்ற பதில் லபீபாவின் நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஊற்றலாம் என்ற பதிலும் வந்தது, அதையும் விழுங்கினாள்.

"எனக்குத் தெரியல, ஃபீபி. அபூனாகிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

அவள் படியிறங்கத் திரும்பியபோது மேலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"இந்தத் தடவை உள்ள போய்க் கேளு."

"போறேன்" என்றாள் லபீபா. பூசை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் அவரைப் பிடிக்கவேண்டும் என்று வேகமாக நடந்தாள்.